கால்மாட்டில் டிவி அலமாரி

புதன். ஐப்பசி மழை, விடியும்போதே.

இருந்தவர்கள்: என் வீட்டுக்காரர் இவர், மகன் மணி, மருமகள் கோமதி, நான், பலகை கொண்டுவந்த ஆட்டோக்காரன். பேத்தி மீனு பள்ளிக்கூடத்தில், அதனால் கணக்கில் இல்லை. ஆட்டோக்காரன் பலகையைச் சேற்றில் சாய்த்தான். முகம் நினைவிருக்கிறது.

வலப்பக்கம் வாதம் வந்த பிறகு இவர் கட்டில் முன்னறையில். எந்நேரமும் பக்கத்துச் சுவரைப் பார்த்த படுக்கை. பேச்சு ஒன்றிரண்டு சொல்தான். கிரிக்கெட் என்றால் சோற்றை மறக்கிற மனிதர். அதனால் கால்மாட்டில் பெரிய டிவி, அதற்கு அலமாரி. தன் கையாலேயே செய்வேன் என்று மணி. ஆரியசாலைக் கடைத்தெருவில் கணக்கு எழுதுகிறவன். சுத்தியல் பிடித்து நான் பார்த்ததில்லை.

கோமதி: "ஆணிக்கும் வெரலுக்கும் வித்தியாசம் தெரியுமா ஒங்களுக்கு?"

"ஃபோன்ல எல்லாம் இருக்கு. நீ மிண்டாம, வாய மூடிட்டு இரி."

வியாழன். காலையில் வெயில். மத்தியானம் மழை.

கீழ்த்தட்டு ஸ்பீக்கருக்கும் செட்டாப் பாக்ஸுக்கும். நடுவில் டிவி. உச்சியில் சாமி படங்கள், முன்பு உள்ளறையில் மாட்டியிருந்தவைதான். மணியின் யோசனை. நன்றாயிருக்கும் என்று எல்லோரும் சொன்னோம்.

வயர் போக ஓட்டை போட மறந்து, எல்லாவற்றையும் மறுபடி கழற்றினான். கோமதிக்குச் சிரிப்பு. இவர் சுவரை விட்டுத் திரும்பி மகனைப் பார்த்தார். மணி கேட்கும்வரை ஒரு திருகாணியை இடது கைக்குள் வைத்திருந்தார். கொடுக்கும்போது அது சூடாக இருந்ததாம்.

வெள்ளி. மழை இல்லை. துணி காய்ந்தது.

டிவி ஏறியது. விளக்கேற்றினேன். மேட்ச். இவர் பார்க்கிறார்! ஆனால் முழங்கால் இரண்டையும் மடக்கிக்கொண்டார். நீட்டிவிட்டால் மறுபடி மடக்குகிறார். வலது காலைக் கையால் இழுத்து இழுத்து மடக்குகிறார்.

கைகாலுக்குப் பயிற்சி கொடுக்க வருகிற பிந்து பார்த்துவிட்டு மலையாளத்தில்: "அம்மே, இங்ஙனே மடக்கி வெச்சா பின்னே நிவர்த்தான் பற்றில்லா, கேட்டோ."

மடங்கின கால் அப்படியே இறுகிப்போகுமாம். பிறகு எழுந்து நிற்பது எங்கே, நடப்பது எங்கே. கோமதி அடுப்படியில் அழுதாள். நோய் கூடிவிட்டது என்றான் மணி.

சனி. மூடாப்பு.

வாதத்துக்கு வைத்தியர் கொடுத்த குழம்பு எண்ணெயைச் சூடாக்கி, கால்மாட்டில் உட்கார்ந்து தேய்த்தேன். இவர் கண் டிவியில் நிற்கவில்லை. அடிக்கடி மேலே போகிறது. முருகன் படத்துக்கு.

பழசு ஒன்று நினைவு வந்தது. அப்போது மணிக்கு மூன்று வயது இருக்கும். பச்சை நிக்கர், இடுப்பில் கயிறு. சாமி விளக்குக்கு நேரே காலை நீட்டித் தூங்கிவிட்டான். இவர் எழுப்பவில்லை, திட்டவில்லை. பாயோடு அவனைத் திருப்பிப் போட்டார். மணியைக் கூப்பிட்டேன்:

"லே மக்கா! சாமிய எறக்குலே. ஒங்கப்பா சாமி மூஞ்சிக்கு நேரே கால நீட்டுவாராலே?"

மணி ஸ்டூல் போட்டு ஏறினான். படங்கள் தலைமாட்டுச் சுவருக்குப் போயின.

இவர் இடது காலை நீட்டினார். வலது காலுக்கு நான் கை கொடுத்தேன். எல்லோரும் வெளியே போன பிறகு அந்த உள்ளங்காலில் கன்னத்தை வைத்துக்கொண்டேன். எண்ணெய் வாசனை.

ஞாயிறு. நல்ல வெயில்.

மீனு கட்டிலிலேயே உட்கார்ந்து, "தாத்தா, ஸ்கோர் எத்ரயாச்சு?" இவர் விரலை விரித்துக் காட்டினார். தப்பு. சிரித்தார்.

அப்போது இவருடைய தம்பி வந்தார். இவர் விழுந்த பிறகு இன்றுதான் முதல் தடவை. கையில் ஒரு பழம்கூட இல்லை. அலமாரியைத் தட்டிப் பார்த்தார்.

"கெடக்குற ஆளுக்கு எதுக்குடே மணி இவ்வளவு பெரிசு? இனி எத்தன நாளைக்கு?"

இவருக்கு வாய்தான் போயிற்று, காது போகவில்லை. ரிமோட்டை எடுத்தார். சத்தத்தை ஏற்றினார். இன்னும் ஏற்றினார். ஜன்னல் அதிர்ந்தது. தம்பி வாய் அசைவது மட்டும் தெரிந்தது. காப்பி ஆறிப்போயிற்று. செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனார்.

இவர் சத்தத்தைக் குறைக்கவில்லை. காலையும் மடக்கவில்லை. கண் ஓரம் மட்டும் ஈரம்.

முந்தானையால் துடைத்துவிட்டேன். நான் கட்டையில் போனாலும் மன்னிக்கமாட்டேன், கொழுந்தன் சிதம்பரத்தை.