துப்பியதில் திரும்பி வராத சாயம்

12 மார்ச் 1998, வியாழன்

பட்டுக்குச் சாயம் போடும் அண்ணன், தொட்டியில் புளிப்பு சரியா என்று விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்க்கிறான். அமிலம் காட்டும் தாள் வாங்கிக் கொடுத்தேன். சாமி படத்துக்குப் பின்னால் சொருகிவிட்டான். மடையன்.

"துப்பிடறேனேடா, உள்ள எங்க போவுது?" என்றான்.

சரி, அளந்தே காட்டுகிறேன் என்று அவன் பத்து முறை நனைத்து, ஒவ்வொரு முறையும் விரலை அலசிய நீரை ஒரு டம்ளரில் எடுத்தேன். பத்து முறை அவன் நக்கித் துப்பியதை, கொப்பளித்த நீரோடு இன்னொன்றில் பிடித்தேன். இரண்டிலும் ஒரே அளவு தண்ணீர். இரண்டாவதில் பாதி நிறம்கூட இல்லை.

முதலாளியிடம் காட்டினேன். "காலேஜ் படிச்சிட்டு எச்சில அளந்துகினு கீறியாப்பா?" என்றார். பட்டை மில்லிகிராம் விடாமல் நிறுக்கும் மனிதர். அண்ணனும் சேர்ந்து சிரித்தான்.

திரும்பும்போது சைக்கிளின் பின்னாலிருந்து மெதுவாகக் கேட்டான்: "மீதி எங்கடா போச்சு? ஒண்ணுக்கு செவப்பா போவுது. அண்ணிகிட்ட பீட்ரூட்டுன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

இரண்டு மாதமாகவாம். அதே வீட்டில்தான் நானும் இருக்கிறேன், கெமிஸ்ட்ரி படித்தவன். இன்றைக்குத்தான் எச்சிலை அளந்தேன்.