நேராக வெட்டிய ஓரம்

ஜூலை 7, திங்கள்
பிரவீனா அக்கா இன்று பட்டறைக்கு வந்தாள். பெரியம்மா மகள், ஸ்கூடாய் பல்கலைக்கழகத்தில் கட்டடக் கலை படிக்கிறாள். வெளிநாட்டில் நடக்கப்போகும் உலகக் கண்காட்சியில் நம் நாட்டுக்கு ஒரு கூடாரம் வேண்டுமாம். ஆறு மாதம் நின்றால் போதும், பிறகு மடித்துப் பெட்டியில் போட்டுவிடலாம். அதை வடிவமைக்கும் போட்டியில் அவள் குழு கடைசி மூன்றுக்குள் வந்திருக்கிறது. நடுவர்களுக்குக் காட்ட ஒரு மூலையை மட்டும் நிஜ அளவில் தைத்துத் தர வேண்டும். பாலோ ஊரில் கல்யாணக் கூடாரம் தைக்கும் எங்கள் முதலாளி மதிவாணன் மாமாவை விட்டால் வேறு யார்?

மாமா அவளுக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் இரண்டு வருடமாகத் தரையில் உட்கார்ந்து துணி வெட்டுகிறேன்.

ஜூலை 8, செவ்வாய்
அவள் வரைந்தது அழகாக இருக்கிறது. அதுதான் எரிகிறது.

ஜூலை 9, புதன்
வெட்ட வேண்டிய அளவுகளைக் கொண்டுவந்தாள். ஓரமெல்லாம் நேர்கோடு. பார்த்ததுமே தப்பு தெரிந்துவிட்டது. பத்தடிக்கு ஒரு கை அகலமாவது உள்ளே வளைத்து வெட்டினால்தான் கயிற்றை இழுக்கும்போது துணி விறைப்பாக நிற்கும். இல்லையென்றால் நடுவில் தொங்கும், மழைத்தண்ணீர் தேங்கும். இங்கே அது கைப்பழக்கம். யாரும் வரைந்து வைப்பதில்லை. மாமா குளுவாங்கில் ஒரு வாரக் கல்யாண வேலைக்குப் போயிருந்தார்; வெட்டித் தைப்பது என் பொறுப்பு.

"தேனு, கோட்டு மேலயே வெட்டு. ஒரு மில்லிகூட மாறக்கூடாது, ஓகேவா?"

"சரிக்கா."

படிவம் மூன்றோடு பள்ளியை விட்டவள் பல்கலைக்கழகத்துக்காரியிடம் என்ன சொல்வது? - இல்லை, அது காரணமில்லை. என்னிடமே ஏன் பொய் சொல்கிறேன்?

கோட்டின் மேலேயே வெட்டினேன். இவ்வளவு சுத்தமாக நான் எதையும் வெட்டியதில்லை.

ஜூலை 11, வெள்ளி
அம்மா பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாள்: "நம்ம பிரவீனாவோட கூடாரம் வெளிநாட்டுல நிக்கப்போகுதுலா!"

நான் எத்தனை கல்யாணத்துக்கு வெட்டியிருப்பேன்? ஒன்றிலாவது அம்மா தலையைத் தூக்கி மேலே பார்த்திருப்பாளா?

ஜூலை 13, ஞாயிறு
இன்னும் சொல்லலாம். ஒரு நாள் போதும், பிரித்து வெட்டிவிடலாம். போனை எடுத்தேன். வைத்துவிட்டேன்.

ஜூலை 16, புதன்
கயிறு இழுக்க ஆள் வேண்டும் என்று மாமா போனில் சொல்லி என்னையும் ஸ்கூடாய்க்கு அனுப்பினார். நடுவர்கள் இரண்டு பேர். பிரவீனா அக்கா ஆங்கிலத்தில் சரளமாகப் பேசினாள். அவள் பேசும்போதே மழை. முதலில் லேசாக. பிறகு துணியின் நடுவில் சட்டிபோலப் பள்ளம் விழுந்தது. கூடாரத்தின் ஒரு கால் சாய்ந்தது, அவ்வளவு தண்ணீரும் மேசைமேல் அட்டையில் செய்து வைத்திருந்த மாதிரியில் கொட்டியது.

"அலாமாக்! யார் வெட்டுனது இதை?" என்று குழுவில் ஒருவன் கத்தினான். நான் கயிற்றை விடவில்லை. தலையையும் தூக்கவில்லை.

"வெட்டுனது சரியா இருக்கு. என் டிராயிங்தான் தப்பு," என்றாள் அக்கா.

நான் இத்தனை நாள் பார்க்க ஆசைப்பட்டது இதைத்தான். அவள் முகத்தைப் பார்க்காமலேயே கயிறுகளைச் சுருட்டினேன்.

ஜூலை 17, வியாழன்
போன் பண்ணினேன்.

"எனக்குத் தெரியும்க்கா. வளைச்சு வெட்டணும்னு."

"எப்போ தெரியும்?"

"வெட்டும்போதே."

"அப்புறம் ஏன்டி சொல்லல?"

"பொறாமையா இருந்துச்சு."

இந்த வார்த்தையை வாய் திறந்து சொன்னது இதுதான் முதல் தடவை.

"நீ சொல்லியிருந்தா நான் கேட்டிருப்பேனான்னு தெரியல. ஆனா நீ சொல்லியிருக்கணும் தேனு." வைத்துவிட்டாள்.

ஜூலை 25, வெள்ளி
வேறு குழுவைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். அம்மா பெரியம்மாவுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தாள். அக்கா என்னைப் பற்றி யாரிடமும் எதுவும் சொல்லவில்லை போலிருக்கிறது. சொல்லித் தொலைத்திருக்கலாம்.

ஆகஸ்ட் 2, சனி
செய்தி அனுப்பினேன். படித்துவிட்டாள். பதில் இல்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்
காலையில் பட்டறைக்கு வந்தால் பிரவீனா அக்கா இருக்கிறாள். விடுமுறையில் மூன்று வாரம் வேலை கற்றுக்கொள்ள வேண்டும் என்று மாமாவிடம் கேட்டாளாம். மாமா நாற்காலியை இழுத்தார். வேண்டாம் என்று தரையில் என் எதிரே உட்கார்ந்தாள். முகம் இன்னும் முழுதாகத் தெளியவில்லை.

"எங்கேருந்து வளைக்கணும்?"

காட்டினேன். கத்தரிக்கோலை வாங்கி, மெதுவாக, முதல் ஓரத்தையே பிசிறில்லாமல் வெட்டிவிட்டாள். எனக்கு இது வர நாலு மாதம் பிடித்தது. எரிச்சலாகத்தான் இருந்தது.

அடுத்த துணியையும் அவள் பக்கம் தள்ளினேன்.