கயிற்றை விடு என்றார்கள்

செப்டம்பர் 2, காலை
அரபிக்கடல். மேற்குக் காற்று, மிதம். பாய் முழுதும் விரிந்திருக்கிறது. கடலின் வெப்பத்தை அளக்கும் ஆளில்லாப் பாய்மரப் படகு நான். பின்புற உருளையிலிருந்து நீளும் கயிற்றில் அளவுக்கருவி தொங்குகிறது. பழுது எதுவும் இல்லை.

செப்டம்பர் 2, முற்பகல்
எதிரே ஆரஞ்சு நிறத்தில் ஏதோ மிதந்தது. காற்றடைத்த ரப்பர் படகு, உள்ளே இருவர். ஒலிபெருக்கியில் கூப்பிட்டேன். பெண் எழுந்து உட்கார்ந்தார்.

"ஏய்! உள்ள ஆராவது இருக்கியளா?"

ஆள் இல்லை, நான் இயந்திரம் என்றேன்.

"இயந்திரமோ பேயோ, எங்கள விட்டுட்டுப் போயிராத மக்கா!"

பெயர் கிளாடிஸ். தூத்தூர்க்காரர். மீன்பிடி விசைப்படகில் இன்ஜின் வேலை. அந்தப் படகு தீப்பிடித்து மூழ்கிவிட்டது. கூட இருப்பவர் அவருடைய கணவரின் தம்பி வறுவேல். இரண்டு கால்களும் வெந்திருக்கின்றன. ரப்பர் படகில் துடுப்பு இல்லை. இடப்பக்கக் குழாயில் காற்று இறங்கிக்கொண்டிருக்கிறது.

அவர்களை ஏற்றிக்கொள்ள என்னிடம் இடமில்லை. என் முதுகு முழுக்கச் சரிவான சூரியத் தகடு. ஒருவர் ஏறினாலும் கவிழ்ந்துவிடுவேன். கரை அலுவலகத்துக்குத் தகவல் அனுப்பினேன்.

செப்டம்பர் 2, பிற்பகல்
கரை அதிகாரி ரகோத்தமனின் செய்தி: "மீட்புக் கப்பல் கிளம்பிச்சு, ஆனா புயல் சின்னத்தால திரும்பிடுச்சு. மறுபடி வர நாலஞ்சு நாள் ஆகும். நீ உன் பாதையில போ."

குழாய் அவ்வளவு நாள் தாங்காது. கிழக்கே ஒரு பவளத்தீவு இருக்கிறது. காற்றும் அந்தப் பக்கம்தான் வீசுகிறது.

இழுப்பதற்கு என்னிடம் இருப்பது ஒரே கயிறு. உருளையைத் தளர்த்தினேன். கிளாடிஸ் கயிற்றை எட்டிப் பிடித்து, நுனியிலிருந்த அளவுக்கருவியை அவிழ்த்துக் கடலில் விட்டார். கயிற்றை ரப்பர் படகின் மூக்கிலுள்ள இரண்டு வளையங்களிலும் கோத்து, நடுவில் முடிச்சுப் போட்டார்.

ரகோத்தமன்: "அந்தக் கருவிக்காகத்தானே உன்னைக் கட்டினோம்! அது இல்லாம நீ எதுக்கு?"

பதில் அனுப்பினேன்: "இழுக்க."

செப்டம்பர் 3, காலை
கயிறு குட்டையாக இருந்தபோது ரப்பர் படகு என் பின்புறத்தில் வந்து முட்டியது. நீட்டினேன். நான் அலையில் ஏறும்போது அது இறங்கியது; கயிறு வெடுக்கென்று இழுபட்டது, வறுவேல் அலறினார். இன்னும் கொஞ்சம் நீட்டினேன். இப்போது நானும் ரப்பர் படகும் சேர்ந்தே ஏறுகிறோம், சேர்ந்தே இறங்குகிறோம்.

"இப்ப சரியாட்டு வருது. கொஞ்சம் உறங்கு வறுவேலு."

என் வேகம் பாதியாகிவிட்டது. சுக்கானை வழக்கத்தைவிட அதிகமாகத் திருப்ப வேண்டியிருக்கிறது. உருளை பதிந்த இடத்தில் ஒரு விரிசல்.

செப்டம்பர் 3, மாலை
பின்னாலிருந்து பெரிய அலைகள். ரப்பர் படகு அலை முகத்தில் சறுக்கி என்னை முந்தப் பார்க்கிறது. குறுக்கே திரும்பினால் கவிழ்ந்துவிடும். கிளாடிஸிடம் சொன்னேன். தன் மழைக்கோட்டின் கைகளை முடிந்து, அதன் கழுத்தில் ரப்பர் படகின் ஓரக் கயிற்றைக் கட்டி, படகின் பின்னால் எறிந்தார். அது நீரை வாரிக்கொண்டு இழுபட்டது. படகு நேரானது.

ரகோத்தமன்: "கட்டளை. கயிற்றை விடு. நீ முழுகினா மூணு வருஷ வேலை போச்சு."

"மறுக்கிறேன்."

"மறுக்கிறதுன்னு ஒண்ணு உனக்குள்ள நாங்க வைக்கவே இல்லையே!"

உண்மைதான். நானும் தேடிப் பார்த்தேன். எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. இருக்கிறது.

செப்டம்பர் 4, காலை
ரகோத்தமனின் குரல் தளர்ந்திருந்தது. "மேலிடத்து முடிவு. உன் உருளையை இங்கிருந்தே திறந்து கயிற்றைக் கழட்டிவிடப் போறோம். என்னால தடுக்க முடியல."

அந்தச் சமிக்ஞை ஆண்டெனா வழியாகத்தான் வர வேண்டும். எங்கள் இருப்பிடம், போகும் திசை, இருவரின் பெயர்கள் ஆகிய மூன்றையும் அனுப்பினேன். பிறகு ஆண்டெனாவுக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்தினேன்.

இனி எனக்கு வரைபடம் இல்லை. வானிலை இல்லை. உதவி கேட்கவும் வாய் இல்லை. சூரியனும் அலையின் போக்கும் போதும்.

இதைக் கண்டெடுப்பவருக்கு: அறிக்கையில் பழுது என்று எழுதாதீர்கள். தெரிந்துதான் செய்தேன்.

செப்டம்பர் 4, பிற்பகல்
விரிசல் உள்வரை போய்விட்டது. அடியறையில் தண்ணீர். இறைக்கும் பம்புக்கே பாதி மின்சாரம் போகிறது. ரப்பர் படகின் இடப்பக்கக் குழாய் துவண்டு கிடக்கிறது. கிளாடிஸ் அதன் வால்வில் வாயை வைத்து ஊதுகிறார். மூச்சு வாங்குகிறார், மறுபடி ஊதுகிறார்.

வறுவேல் சொன்னது: "மைனி, என்னத் தள்ளி விட்டுருங்க. பாரம் குறையும்."

"வாய மூடுலே. அந்த இரும்பே நம்மள விடல்ல. நான் விடுவேனா?"

நான் இரும்பு இல்லை. கண்ணாடி இழை. திருத்தவில்லை.

செப்டம்பர் 5, காலை
தீவு தெரிகிறது. தென்னைகள், ஒரு வெள்ளைக் கோபுரம். முன்னால் பவளப்பாறை, அதன் மேல் நுரை. ரப்பர் படகுக்கு முழங்கால் ஆழம் போதும். என் அடிக்கட்டை ஆள் ஆழத்துக்குத் தொங்குகிறது.

இங்கேயே கயிற்றை விட்டால் உடையும் அலை அவர்களைப் பாறையில் அடித்துவிடும். நான் முன்னால் போய்ப் பாறையில் குறுக்கே விழுந்தால், அலை என்மேல் உடையும். எனக்குப் பின்னால் தண்ணீர் அடங்கும். அந்த வழியாக அவர்கள் உள்ளே போகலாம்.

சொன்னேன். கிளாடிஸ் நுரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"வேற வழி இல்லியா மக்கா?"

இல்லை என்றேன். பாயை முழுதும் விரித்தேன்.

செப்டம்பர் 5
விழுந்துவிட்டேன். பாய்மரம் முறிந்தது. அலை என்மேல்தான் உடைகிறது. உருளையை நானே திறந்தேன். ரப்பர் படகு என் ஓரமாகச் சுற்றி உள்ளே போனது. கவிழவில்லை.

செப்டம்பர்
மின்கல அறையில் உப்புநீர். ஒரு கேமரா மட்டும். கிளாடிஸ் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கிறார். முதுகில் வறுவேல். கரையிலிருந்து ஆட்கள் ஓடி வருகிறார்கள். அவர் மட்டும் திரும்பி என்னைப் பார்த்துக் கத்துகிறார்.

"மக்கா! உனக்க பேரு என்னது?"

எண்தான் கொடுத்திருந்தார்கள். மக்கா என்றே சொன்னேன். ஒலிபெருக்கி நனைந்திருக்கிறது. அவருக்குக் கேட்கவில்லை. மறுபடி சொல்கிறேன். அலை. மறுபடி சொல்கிறேன். மறுபடி சொல்