அப்பாவின் ஆபரேஷன் தூக்கம்

மார்ச் 4, செவ்வாய்

பித்தப்பையில் கல். ஸ்கேன் எடுத்தவர், "நிறைய சேர்த்து வச்சிருக்கீங்க" என்றார், ஏதோ சொத்துச் சேர்த்த மாதிரி. ஐம்பத்திரண்டு வயதில் நான் சேர்த்தது இதுதான் போல. அடுத்த வாரமே எடுத்துவிடலாமாம். சின்னத் துளைகள்தான், மறுநாளே வீடு. பயம் ஒன்றும் இல்லை. "கூட யார் வருவாங்க?" என்று நர்ஸ் கேட்டதுதான் சிக்கல். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது, ஆள் இருந்தால்தானே.

மார்ச் 5, புதன்

நாள் முழுக்க மைக்கில் பேச்சு. நடைமேடை ஒன்று, நடைமேடை நான்கு, பயணிகள் கவனத்துக்கு. பஸ் நிலையத்தில் என் குரல் கேட்காத காதே கிடையாது. வீட்டுக்கு வந்தபின் ஒரு வார்த்தை இல்லை. ஒழுகுகிற குழாயைத் திட்டினேன். அதைப் பேச்சில் சேர்க்கலாமா?

மார்ச் 6, வியாழன்

மயக்க மருந்து டாக்டரைப் பார்த்தேன். சின்னப் பெண், என் அக்கா மகள் வயதுதான் இருக்கும். ஆடுகிற பல் உண்டா, ஆஸ்துமா உண்டா, ஒத்துக்கொள்ளாத மருந்து உண்டா என்று அடுக்கினாள். பிறகு என்னென்ன வரலாம் என்றும் சொன்னாள். குமட்டும், நடுங்கும், தொண்டைக்குள் குழாய் வைப்பதால் இரண்டு மூன்று நாள் குரல் கம்மும். ஐயோ, குரல்தானே என் பிழைப்பு என்றேன். நான் யார் என்று தெரிந்ததும், "அந்தக் குரலா நீங்க" என்று கண்ணை விரித்தாள். உடனே கண்டிப்பாகவும் ஆகிவிட்டாள். வெறும் வயிற்றோடு வர வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு நாள் முழுக்க வண்டி ஓட்டக் கூடாது, அடுப்புப் பக்கம் போகக் கூடாது, எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது. வீட்டில் பெரிய ஆள் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். இருக்கிறார்கள் என்று புளுகினேன்.

கடைசியாக, குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்தால் பிரச்சினை உண்டா என்று கேட்டாள். "இல்லை. எங்கப்பாதான் நல்லாத் தூங்கிட்டாரு" என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

எங்கள் வீட்டின் பழைய வேடிக்கை அது. எனக்கு ஏழு வயது இருக்கும், அக்காவுக்குப் பன்னிரண்டு. அப்பா ஏணியிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டார். ஆபரேஷன் சீக்கிரம் முடிந்துவிட்டது, ஆனால் பாதி நாளாகியும் அவர் கண் திறக்கவில்லை. எழுந்தபின், தான் தூங்கவே இல்லை, பேசியதெல்லாம் கேட்டது, விரலைக்கூட அசைக்க முடியவில்லை என்றார். "ஆஸ்பத்திரிக்குப் போயும் தூக்கம், அதுக்கு ஒரு கதை வேற" என்று அம்மா தொடங்கி வைத்தாள். அதிலிருந்து வீட்டில் யார் நேரம் கழித்து எழுந்தாலும் ஆபரேஷன் தூக்கம்தான். விருந்தாளி வந்தால் அக்கா கட்டை மாதிரி படுத்துக்கொள்வாள், நான் டாக்டராக வந்து அவள் மூக்கைத் திருகுவேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அப்பாவும் சிரிப்பார்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். "அவர் சொன்னது நிஜமா இருக்கலாம்மா" என்றாள். குழாய் வைக்க வசதியாகத் தசையெல்லாம் தளர ஓர் ஊசி போடுவார்களாம். சாதாரணமாகச் சில நிமிஷத்தில் உடம்பே அதைக் கரைத்துவிடும். சிலருக்கு அதைக் கரைக்கிற சத்து பிறவியிலேயே ரத்தத்தில் சரியாக இருக்காது. ஊசி மணிக்கணக்கில் உடம்பிலேயே நிற்கும். மூச்சுக்கூட மெஷின்தான் விட வேண்டும். அதற்குள் மயக்கம் மட்டும் தெளிந்துவிட்டால்—

பேனாவை எடுத்து ரத்தப் பரிசோதனைக்கு எழுதினாள். மேலே கேட்க எனக்குத் தைரியமில்லை. ரத்தம் எடுத்தார்கள். ஆபரேஷன் தள்ளிப்போனது.

மார்ச் 7, வெள்ளி

பாவி மனுஷா. ஒரு தடவையாவது எங்க மேல கோபப்பட்டிருக்கக் கூடாதா? எங்களோட சேர்ந்து நீ ஏன்பா சிரிச்ச?

மார்ச் 13, வியாழன்

எனக்கும் அதேதான். அப்பா விட்டுப்போன சொத்து. தெரிந்துவிட்டால் ஆபத்தில்லை, வேறு மருந்து இருக்கிறது, தெரியாமல் போட்டால்தான் சிக்கல் என்றாள் டாக்டர். எப்போதும் கைப்பையில் இருக்க ஓர் அட்டை கொடுத்தாள். கூடப் பிறந்தவர்கள் உண்டா என்று கேட்டாள். ஓர் அக்கா என்றேன். அவளும் அவள் பிள்ளைகளும் உடனே ரத்தம் பார்க்க வேண்டுமாம், அதிலும் யாராவது கர்ப்பமாக இருந்தால் தள்ளிப்போடவே கூடாதாம். அவசரமாக வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுக்க வேண்டி வந்தால், அந்த ஊசியைத்தான் பெரும்பாலும் எடுப்பார்கள்.

அக்கா மகளுக்கு அடுத்த மாதம் பிரசவம். இதுவும் பஸ் ஏற வந்த அத்தை மகன் சொல்லித்தான் தெரியும். அக்காவோடு பேசி ஆறு வருஷம். அம்மா இறந்த அன்று மைக்கில் என் இடத்துக்கு மாற்று ஆள் வரவில்லை, நான் போய்ச் சேரத் தாமதம். வாசலில் அத்தனை பேர் முன்னால், "அறிவிப்பெல்லாம் முடிஞ்சுதா?" என்று கேட்டாள். அப்படியே திரும்பி நடந்தவள்தான் நான்.

மார்ச் 14, வெள்ளி

போன் அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தேன். விஷயம் இதுதான் என்று விவரமாகச் செய்தி அனுப்பினேன், அதுவும் போய்ச் சேரவில்லை. என் எண்ணையே அடைத்து வைத்திருக்கிறாள். நல்லா இரு, நீயே ராணி. மகள் எண் என்னிடம் கிடையாது. நமக்கென்ன என்று இருந்துவிடலாம். அந்தப் பெண் கண் திறக்க முடியாமல் படுத்துக் கிடப்பதுதான் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

மார்ச் 16, ஞாயிறு

அக்கா ஊர் பஸ்ஸை நடைமேடை நான்கிலிருந்து தினமும் நான்தான் அறிவிக்கிறேன். இன்றுதான் ஏறினேன். நடத்துநர், "என்னக்கா, நீங்க உட்கார்ந்தா யார் அனுப்பி வைப்பாங்க?" என்றார்.

அக்காதான் கதவைத் திறந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. உள்ளே வா என்று சொல்லவில்லை. வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனதை நிலைப்படியிலேயே ஒரே மூச்சில் சொன்னேன். சொல்லி முடித்தபிறகுதான் உறைத்தது, மைக் குரலில் சொல்லியிருக்கிறேன். கேலி செய்யப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் அப்படியே செருப்பு வைக்கும் பலகையில் உட்கார்ந்துவிட்டாள்.

தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அன்னைக்கு ஆபரேஷன் அறைக்கு வெளிய நீ என் மடியில தூங்கிட்ட. வீட்டுக்கு வந்ததும் அப்பா என்கிட்ட, 'கால் மரத்துப் போச்சாம்மா'ன்னு கேட்டாரு. யாரோ நர்ஸ் உள்ள பேசினாளாம், வெளிய பெரியவ மடியில சின்னது தூங்குதுன்னு. அதைக் கேட்டப்புறம்தான் பயம் விட்டுச்சுன்னாரு. தூங்கினவருக்கு அது எப்படிக் கேட்டுச்சுன்னு நான் யோசிக்கவே இல்லடி. அதுக்கப்புறமும் கட்டை மாதிரி படுத்துக் காட்டினேன்."

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு பேரும் அழுதோம். வேறு எதையும் பேசவில்லை. போகும்போது டீ குடித்துவிட்டுப் போ என்றாள். குடித்தேன்.

மார்ச் 27, வியாழன்

தெரியாத எண்ணிலிருந்து செய்தி. "சித்தி, அம்மாவுக்கும் உங்களை மாதிரியேதான். எனக்கு அந்தச் சத்து பாதி இருக்காம். என் ஃபைல் மேல சிவப்புல எழுதி வச்சுட்டாங்க. பயமில்ல." சித்தி என்ற அந்த வார்த்தையை எத்தனை தடவை பார்த்தேனோ. அக்கா ஒன்றும் அனுப்பவில்லை.

ஏப்ரல் 9, புதன்

பெண் குழந்தை. சுகப்பிரசவம், ஒரு மயக்க ஊசிக்கும் வேலை இல்லை. இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று மாப்பிள்ளை கேட்டாராம். கேட்டுவிட்டுப் போகட்டும்.

ஏப்ரல் 22, செவ்வாய்

நாளை மறுநாள் ஆபரேஷன். பக்கத்து வீட்டுக்காரரை ஒரு நாள் இருக்கச் சொல்லிக் கேட்கலாம் என்று கதவு வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன். நாளைக்காவது கேட்க வேண்டும்.

ஏப்ரல் 23, புதன்

கேட்கவில்லை. சாயங்காலம் பையோடு அக்கா வந்து நிற்கிறாள். பச்சைக் குழந்தையை விட்டுவிட்டா என்றேன். "அதுக்கு அம்மா இருக்கா" என்று உள்ளே போய்விட்டாள்.

ஏப்ரல் 25, வெள்ளி

கையெழுத்துப் போடத்தான் கூடாது என்றார்கள், டைரி எழுதக் கூடாது என்று சொல்லவில்லை. கல்லை டப்பாவில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். குரல் தகரம் மாதிரி இருக்கிறது. அந்த ஊசி போடவில்லை, சொன்ன நேரத்துக்கு எழுந்துவிட்டேனாம்.

நர்ஸ்தான் சொன்னாள், வார்டுக்குக் கொண்டுவந்ததிலிருந்து நான் கண் திறக்கும் வரைக்கும் அக்கா என் காதோரம் குனிந்து பேசிக்கொண்டே இருந்தாளாம். நடுவில் அழுதாளாம். பேஷன்ட் தூங்குகிறார், பேசாமல் இருங்கள் என்று சொல்லியும் கேட்கவில்லையாம்.

வீட்டுக்கு வந்து போர்வையை இழுத்துவிடும்போது, என் முகத்தைப் பார்க்காமல், "நான் சொன்னதெல்லாம் கேட்டுச்சா?" என்றாள்.

"எல்லாம் கேட்டுச்சு" என்றேன்.

"அப்ப மறுபடியும் சொல்ல வேண்டாமில்ல?"

"வேண்டாம்க்கா."

பெரிய பாரம் இறங்கின மாதிரி மூச்சு விட்டாள். என்னை நம்பிவிட்டாள். சத்தியமாக எனக்கு ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போது சமையலறையில் அந்த ஒழுகுகிற குழாயைத் திட்டிக்கொண்டிருக்கிறாள்.