எடுத்தாச்சா?

இன்று காலை நுரை மருந்துக் கேனைத் திறந்ததுமே அந்த வாசனை முகத்தில் அடித்தது. செர்ரிப் பழமாம், கேன்மேல் படம்கூடப் போட்டிருக்கிறது. "கல்யாண வூட்டு ஐஸ்கிரீம் மாரியே கீது கண்டக்டரே, காருக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று முதல் நாள் கேட்டாய். நீ போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. கேனை மாற்றும்போதெல்லாம் இன்னும் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறாய். அங்கே உனக்கு வேறு வேலை இல்லையா?

இன்று உன்மேல் எனக்குக் கோபம். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். எழுதி முடிப்பதற்குள் தீர்ந்துவிடும் என்றும் தெரியும், அதனால் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன்.

அடையாறு கடை நீ விட்டுப் போன மாதிரியேதான் இருக்கிறது. வாசலில் அதே போர்டு: கை படாமல் கார் கழுவப்படும். அதைப் பார்த்து நீ சிரிக்காத நாள் கிடையாது. "கை படாமலாம்! நம்ம ரெண்டு பேர் கையும் படாத எடம் இந்த மெஷின்ல எங்க கீது, காட்டு பாக்கலாம்." உண்மைதான். காரை உள்ளே நிறுத்தினால், மேலே தண்டவாளத்தில் தொங்கும் அந்த இரும்புக் கை தானாக வண்டியைச் சுற்றி வந்து நுரை அடிக்கும், தண்ணீர் பீய்ச்சும், காற்று ஊதும். வண்டிக்காரர்கள் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்து செல்போனில் படம் எடுப்பார்கள். அந்தக் கை ஒழுங்காகச் சுற்றுவதற்கு நாம் பட்ட பாட்டை யார் படம் எடுத்தார்கள்? போர் தண்ணீர் உப்பு வாரத்துக்கு ஒருமுறை நாசில்களை அடைக்கும். நீ சட்டையில் குத்தி வைத்திருக்கும் ஊக்கை எடுத்து ஒவ்வொன்றாகக் குத்துவாய், வெயிலில் தூக்கிப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பாய். சென்சார் கண்மேல் பல்லி உட்கார்ந்து, அதைக் கார் என்று நினைத்து மெஷின் நின்ற அன்றைக்கு, "பல்லிக்கு வாட்டர் வாஷ் போட்டுக்கினு கீது" என்று வரிசையில் நின்றவர்களிடமெல்லாம் போய்ச் சொன்னாய்.

நான் கண்ணாடி அறைக்குள் பேனல் முன்னால் உட்கார்ந்து 'ரைட்', 'ஓல்டான்' என்று வண்டிகளை விடுவதால்தான் எனக்கு அந்தப் பெயர் வைத்தாய். இப்போது என்னைக் கண்டக்டர் என்று கூப்பிட ஆளில்லை. எல்லாருக்கும் மேடம்தான்.

அந்த ஐப்பசிப் பிற்பகலுக்கு வருகிறேன். நாம் இருவரும் அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவைதான் அதைப் பற்றிப் பேசியிருக்கிறோம். மழை விட்டதும் ஊரில் இருக்கிற சேற்று வண்டியெல்லாம் நம் வாசலில் வந்து நின்றிருந்தது. முதலாளி கேட்டுக்குப் போய் வண்டிக்காரர்களைச் சமாளித்துக்கொண்டிருந்தார். உள்ளே ஒரு வெள்ளைக் கார் பாதி நுரையோடு நிற்க, மெஷின் நின்றுவிட்டது. ஒரு நாசில் அடைத்து, தண்ணீர் பக்கவாட்டில் பீய்ச்சியது. செய்ய வேண்டியது இரண்டு. ஒன்று, காரை வெளியே எடுக்க வேண்டும். இரண்டு, மெஷினுக்குக் கரண்ட் போகாதபடி மெயின் பாக்ஸில் ஃப்யூஸ் கட்டையை எடுக்க வேண்டும். நான் முதலில் காருக்குக் கை காட்டினேன். அது பின்னால் போனது. நீ ஏணி கொண்டுவரப் போனதைத்தான் பார்த்தேன். அதற்குள் நீ பின்வழியாக வந்து ஏணியில் ஏறிவிட்டது எனக்குத் தெரியாது. கண்ணாடி முழுக்க நுரை.

"எடுத்தாச்சா?" என்று உன் குரல் கேட்டது.

"எடுத்தாச்சு!" என்றேன்.

நீ கட்டையைக் கேட்டாய். நான் காரைச் சொன்னேன். கார் வெளியே போனால் ரீசெட் அமுக்க வேண்டும், கை பழைய இடத்துக்குத் திரும்பும். ஒரு நாளைக்கு நாற்பது தடவை செய்வதை நாற்பத்தொன்றாம் தடவையும் செய்தேன். மோட்டார் முனகியது. அப்புறம் அலுமினிய ஏணி தரையில் இழுபடும் சத்தம். மெஷினை நிறுத்தும் சிவப்புப் பட்டனை அமுக்கியபோது எல்லாம் முடிந்திருந்தது. நீ கத்தவே இல்லை. கத்தியிருந்தால் எனக்கு இவ்வளவு பயமாக இருந்திருக்காது.

முதலாளி கேட்டிலிருந்து ஓடிவந்து "என்னாச்சு, என்னாச்சு" என்றார். நுரைக்குள் ஒருக்களித்துக் கிடந்த நீ அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாய். பார்த்துக்கொண்டே, "ஏணி வழுக்கிச்சு சார்" என்றாய்.

இடுப்பெலும்பு முறிந்து கம்பி வைத்தார்கள். ஆஸ்பத்திரியில் நான் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, "நான் சொல்லிடறேன்" என்றேன்.

"இன்னாத்த சொல்லுவ? சொன்னா உன் வேலை பூடும். அப்பால அந்த மெஷினோட நான் மட்டும் மல்லுக்கட்டணுமா? வாய மூடிக்கினு இரு. ஏணிதான் வழுக்கிச்சு. யார்கிட்டயும் சொல்லாத, என் பொண்டாட்டிகிட்ட கூட."

நான் வாயை மூடிக்கொண்டேன். அப்போது எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் நிம்மதியாகத்தான் இருந்தது.

நான்கு மாதம் கழித்துக் காலைச் சாய்த்துச் சாய்த்து வந்தாய். அதற்குள் சைதாப்பேட்டையில் ஆற்றோரமிருந்த உன் வீட்டைக் காலி செய்யவைத்து ஊருக்கு வெளியே அனுப்பியிருந்தார்கள். இரண்டு பஸ் மாறி வர வேண்டும். வந்த முதல் நாளே சட்டம் போட்டாய். "இனிமே மெஷின் உள்ளாற 'எடு'ன்ற பேச்சே கூடாது கண்டக்டரே. வண்டி வெளிய. கட்டை கையில. அவ்ளோதான்." ஏறுவதற்கு முன் நீயே போய் அந்த வெள்ளைப் பீங்கான் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வாய். அந்தக் கனத்தில் உன் சட்டைப் பை எப்போதும் ஒரு பக்கம் கிழிந்தே இருக்கும். நீ நொண்டி நொண்டி மெயின் பாக்ஸுக்குப் போய் வரும்போதெல்லாம் நான் நோட்டில் எதையாவது எழுதுகிற மாதிரி குனிந்துகொள்வேன்.

பிறகு ஒருநாள் காலை பஸ் ஸ்டாப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. கட்டை என் கைக்கு வந்தது.

இப்போது உன் இடத்தில் முருகேசன் அண்ணன் இருக்கிறார். தெக்கத்திக்காரர், திருவல்லிக்கேணி மேன்ஷனில் தங்கியிருக்கிறார், நம் இருவரையும்விட வயதில் பெரியவர். நல்ல வேலைக்காரர். 'எடு என்று சொல்லாதீர்கள், வண்டி வெளிய, கட்டை கையில என்றே சொல்லுங்கள்' என்று முதல் நாளே சொன்னேன். சிரித்தார். ஏன் என்று சொல்லாமல் சட்டம் மட்டும் சொன்னால் யாருக்கும் சிரிப்புதான் வரும்.

இன்று சனிக்கிழமை. வண்டி வரிசை ரோடு வரைக்கும் நின்றது, ஆரன் காதைக் கிழித்தது. சென்சார் மறுபடி மக்கர் செய்தது. உள்ளே நின்ற கார் பின்னால் போய்விட்டது, அண்ணன் ஏணியோடு உள்ளே போனார். நான் அறையின் மூலையில் மெயின் பாக்ஸைத் திறந்து கட்டைமேல் கை வைத்தேன். பேனல் பக்கத்தில் நின்ற முதலாளி சத்தம் போட்டார்.

"ஏம்மா, அதப் புடுங்காத! மெஷின் திரும்ப எந்திரிச்சு வர கால் மணி நேரம் ஆகும். சிகப்புப் பட்டன அமுக்குனா போதாதா?"

"போதாது சார். அதை யார் வேணா திருப்பி விட்டுடலாம்."

"இத்தன வருசத்துல இந்த மெஷின் யாரையாவது தொட்டிருக்கா? உன் பழைய ஆளே ஏணி வழுக்கித்தான விழுந்தான்? அதுக்குத்தான் ரப்பர் வச்ச ஏணி வாங்கிக் குடுத்திருக்கேன்ல."

என்னைக் காப்பாற்ற நீ சொன்ன பொய், எத்தனை வருஷம் கழித்து யார் தலைமேல் வந்து நிற்கிறது பார்த்தாயா? கோபம் என்று சொன்னேனே, இதுதான். கட்டையைப் பிடித்தபடி நான் நிற்கும்போதே நுரைக்குள்ளிருந்து அண்ணன் குரல் வந்தது.

"எடுத்தாச்சா மேடம்?"

நான் வாய் திறப்பதற்குள் முதலாளி கார் போய்விட்ட காலி இடத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எடுத்தாச்சுய்யா!" என்று கத்தினார். அவர் விரல் ரீசெட்டை நோக்கிப் போனது.

கட்டையைப் பிடுங்கினேன். பேனல் விளக்கெல்லாம் அணைந்தது. பம்ப் இழுத்து இழுத்து நின்றது. அவர் விரல் அப்போது ரீசெட் பட்டன்மேல்தான் இருந்தது.

"என்ன பண்ணிட்ட நீ?"

"அவர் ஃப்யூஸக் கேட்டாரு சார். நீங்க வண்டியச் சொன்னீங்க." என் குரல் எனக்கே கேட்கவில்லை, மறுபடி சத்தமாகச் சொன்னேன். "அன்னிக்கும் இதேதான். ஏணி வழுக்கல சார். அவன் எனக்காகப் பொய் சொன்னான். அவன் மேல இருக்கும்போது ரீசெட் அமுக்குனது நான்."

முதலாளி பட்டனிலிருந்து விரலை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார். என்னை, தன் விரலை, மறுபடி என்னைப் பார்த்தார். "திங்கக்கெழம பேசுவோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு கேட்டுக்குப் போனார். என்ன பேசுவார் என்று தெரியவில்லை. வேலை போனாலும் போகலாம்.

முருகேசன் அண்ணன் இறங்கி வந்து வாசலில் நின்றிருந்தார். எல்லாம் கேட்டிருக்கிறது. தலைக்குமேல் தொங்கும் அந்த இரும்புக் கையைத் திரும்பி ஒருமுறை பார்த்தார். பிறகு என் முன்னால் உள்ளங்கையை நீட்டினார். கட்டையை வைத்தேன். சட்டைப் பையில் போட்டு, மேலே ஒரு தட்டு தட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். ஏணி ஏறும் சத்தம் கேட்டது. அப்புறம், "கட்டை கையில, மேடம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆரன் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது.

யார்கிட்டயும் சொல்லாதே என்றாய். சொல்லிவிட்டேன். நாளை ஞாயிற்றுக்கிழமை, அந்த இரண்டு பஸ்ஸையும் பிடித்து உன் வீட்டுக்காரியிடமும் போய்ச் சொல்லப்போகிறேன். அவள் கதவைச் சாத்தினால் சாத்தட்டும். பாவம் அந்தப் பழைய ஏணி, செய்யாத தப்புக்கு இத்தனை வருஷம் பழியைச் சுமந்தது. இனி அந்தப் பழி என்னிடமே இருக்கட்டும்.

அன்று நுரைக்குள்ளிருந்து நீ கேட்டதற்கு நான் சொன்னது தப்பான பதில். இன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். எடுத்தாச்சு.