தவிட்டுக்கு வாங்கிய பெண்

ரங்கூன், 10 ஜனவரி 1927

புது வேலை. பயணப் புத்தகம் எழுதும் மிஸ் வின்டர் துரைசானிக்கு டைப் அடிக்க வேண்டும். ஹோட்டல் வராந்தாவில் அவர் சொல்வார், நான் தட்டுவேன். இப்போது பாங்காக் அத்தியாயம் ஓடுகிறது. கால்வாய், படகு, கோபுரம், கடைசியில் 'கிழக்கத்திய வெனிஸ்'. வெனிஸுக்குப் போயிருக்கிறீர்களா என்று கேட்டேன். இல்லையாம்! பாங்காக்கிலும் ஒரு வாரம்தான் இருந்தாராம். அந்த ஊரில் டிராமுக்கு ஓடுகிறவன், கடை திறக்கிறவன் ஒருவனுமில்லையா? துரைசானியின் பாங்காக்கில் எல்லாரும் சிரித்துக்கொண்டே படுத்திருக்கிறார்கள்.

12 ஜனவரி

இன்று சயாம்காரர்களின் பெயர்கள். குடும்பப் பெயர் என்பதே சில வருஷம் முன்பு ராஜா உத்தரவு போட்ட பிறகுதான் வந்ததாம். வீட்டில் பிள்ளையைக் கூப்பிடுவது தவளை, பன்றி, எலி என்று. 'தாய்மாருக்குப் பிள்ளைகள்மேல் அவ்வளவு பிரியமில்லை போலும்' என்று முடித்தார்.

என் விரல் நின்றுவிட்டது. குழந்தை தங்காத வீட்டில் நாம் பிச்சை, குப்பை என்று வைக்கிறோமே, எமன் சீண்டாமல் போகட்டும் என்று? சயாமுக்கும் நமக்கும் ஒரே பயம்தானா? யாரைக் கேட்பது?

வீட்டில் தங்கச்சி தங்கமணிக்கு மாதம் நிறைந்திருக்கிறது. முதல் இரண்டும் தங்கவில்லை.

18 ஜனவரி, செவ்வாய்

பெண் குழந்தை. தங்கமணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "பாத்தா ஆசை வந்துரும்க்கா."

20 ஜனவரி

எல்லாம் ஒழுங்காகத்தான் தொடங்கியது. குழந்தையை முறத்தில் கிடத்திக் குப்பைமேட்டில் வைத்தோம். ஏற்கெனவே சொல்லி வைத்தபடி அடுத்த வீட்டு பர்மாக்காரி மா சேன் எடுத்துக்கொண்டு போனாள். தங்கமணியின் புருஷன் குழந்தைவேலு தவிடு கொடுத்துத் திரும்ப வாங்க வேண்டும். பெற்ற பிள்ளையில்லை, வாங்கின பிள்ளை என்று ஆக வேண்டும்.

மா சேன் குழந்தையின் முகத்தைப் பார்த்ததும் சொக்கிப்போனாள். "இது செவ்வா பொறந்தது, நான் பொறந்த கெழமை. எங்கள்ல கெழம பாத்துத்தான் பேரு வைப்போம். குப்பம்மான்னா கூப்புடுவீங்க? தவிடு வேணாம், நானே வளக்குறேன்" என்றாள். பாதி விளையாட்டு. பாதி நிஜம்.

தங்கமணி படுக்கையிலிருந்து எழுந்து வாசலுக்கே வந்துவிட்டாள். "எம்புள்ளயக் குடுடி!"

ஐயோ. சொல்லக் கூடாததைத் தெருவே கேட்கக் கத்திவிட்டாள். குழந்தைவேலுவின் கையிலிருந்து தவிடு சிந்தியது. பிறகு வாங்கினோம்தான், ஆனால் எமனுக்குக் காது கேட்காமலா இருக்கும்? தங்கமணி அழுதபடி கிடக்கிறாள். நான் படித்தவள், இதையெல்லாம் நம்புகிறேனா? தெரியவில்லை. பயமாக இருக்கிறது, அது மட்டும் தெரிகிறது.

27 ஜனவரி

துரைசானி குழந்தையைப் பார்க்க வந்தார். பெயர் கேட்டார். "குப்பம்மா" என்றாள் தங்கமணி, முகத்தில் ஈயாடவில்லை. அர்த்தத்தை நான் சொன்னேன். காரணத்தை அவர் கேட்கவில்லை.

29 ஜனவரி

இன்று ரங்கூன் அத்தியாயம். 'இங்கே ஒரு தமிழ்த் தாய் தன் மகளுக்குக் குப்பை என்று பெயரிட்டிருக்கிறாள். வேண்டாத பிள்ளை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.'

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேண்டாத பிள்ளையா! பச்சை உடம்புக்காரி வாசல்வரை ஓடி வந்ததை இவர் கண்டாரா? சொல்லிவிடுவது என்றே வாயைத் திறந்தேன். அவரே, "ஏதாவது தவறா, ஜெயம்மா?" என்றார்.

சட்டென்று தோன்றியது. தங்கமணி ஒரு தெருவுக்குத்தான் கத்தினாள். இது அச்சில் ஏறி உலகம் பூராவும் போகும்.

"எல்லாம் சரிதான், அம்மா" என்றேன். அந்த வரியை ஓர் எழுத்துப் பிசகாமல் அடித்தேன்.

5 மார்ச் 1928

புத்தகம் வந்துவிட்டது. அந்தப் பக்கத்தைத் தமிழில் சொன்னேன். தங்கமணி இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள்.

"வேண்டாத பிள்ளைன்னு நல்லா தெளிவாப் போட்டிருக்காங்களாக்கா?"

"போட்டிருக்கு."

"நல்ல மகராசி" என்று கும்பிட்டாள்.

குப்பம்மாள் தத்தித் தத்தி நடந்து வந்து பக்கத்தின் மூலையைக் கிழித்து வாயில் போட்டுக்கொண்டாள். அவள் காதில் மட்டும் சொல்லிய பெயர் ஒன்று உண்டு. அதை இங்கேயும் எழுதப் போவதில்லை.