முன்னால் வந்த வாய்தா

வில்லாபுரம், மதுரை
10.02.2024

சென்னைப் பட்டணத்துக் கம்ப்யூட்டர்களையெல்லாம் கட்டி மேய்க்கும் என் மருமகள் ஆன்மேரிக்கு, வில்லாபுரம் சக்கரவர்த்தியும் ஓய்வுபெற்ற மின்வாரியக் கணக்கருமாகிய உன் தாய்மாமன் ராயப்பன் ஆசீரளித்து எழுதுவது.

நானும் உன் அத்தை சகாயமேரியும் சுகம். போன் இருக்கத் தபால் எதற்கு என்று கேட்காதே. போனில் நான் மூச்சுவிடாமல் பேசினாலும் நீ "ம்" என்று முடித்துவிடுகிறாய். காகிதத்துக்கு "ம்" கொட்ட முடியாது.

நேற்று நம் ஜெர்சன் உயிரைக் கொண்டுபோன லாரி விபத்து வழக்குக்காகக் கோர்ட்டுக்குப் போயிருந்தேன். உட்கார்ந்து உட்கார்ந்து அந்த பெஞ்சில் என் உருவம் பள்ளமாகப் பதிந்துவிட்டது. வேறு ஆள் உட்கார்ந்தால் வழுக்கி விழுகிறான். நம் பிள்ளைதான் எதிர்ப்பக்கம் ஏறி வந்து மோதினான் என்று லாரித் தரப்பு இன்னும் சாதிக்கிறது. நஷ்ட ஈடு வரட்டும், வராமல் போகட்டும். தப்பு ஜெர்சன் மேல் இல்லை என்று நீதிபதி கையால் ஒரு வரி வேண்டும். உன் அத்தை அந்த வரிக்காகத்தான் எழுந்து நடமாடுகிறாள்.

விபத்தைக் கண்ணால் பார்த்த ஒரே ஆள், சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்காலில் வேலை செய்யும் முத்திருளன், கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். விசாரிக்கவில்லை. அடுத்த வாய்தா ஏப்ரல் 23.

உன் 'வாய்தா' ஆப் இங்கே அரசாட்சி செய்கிறது. நம் வக்கீல் தமிழ்வாணி டைரியையே மூட்டை கட்டிவிட்டார். தேதி எப்போதாவது முன்னால் வருமா என்று கேட்டிருந்தாயே? மோசே கடலைப் பிளந்த நாளிலிருந்து இன்றுவரை எந்தக் கோர்ட்டிலும் வாய்தா பின்னால்தான் போயிருக்கிறது. கடல் பிளந்தாலும் பிளக்கும், வாய்தா முன்னால் வராது. மாமன் வாக்கு, கல்லில் வெட்டிக்கொள்.

இப்படிக்கு,
மாமன் சக்கரவர்த்தி

*

சென்னை
22.02.2024

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் படித்துச் சிரித்து, பக்கத்து இருக்கைக்காரர்களிடம் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று.

என் வேலை என்ன என்று அத்தை கேட்டார்களாமே. தினமும் காலையில் கோர்ட் இணையதளத்திலிருந்து விசாரணைத் தேதிகளை எடுத்துவந்து, சரிபார்த்து, வக்கீல்களின் போனுக்கு அனுப்பும் நிரலை எழுதுகிறேன். திரையில் அழகாகத் தெரிவது மற்றவர்கள் வேலை. திரைக்குப் பின்னால் இருப்பது என்னுடையது. ஜெர்சன் மச்சான் வழக்குக்கு நீங்கள் தேதி தெரியாமல் அலைந்ததைப் பார்த்துத்தான் இந்த வேலைக்கே வந்தேன்.

ஒரு தொல்லை இருந்தது. சில இடங்களில் அடுத்த தேதிக்குப் போன வருடத்தைத் தட்டிவிடுகிறார்கள். அதனால் உங்கள் வாக்கையே விதியாக்கிவிட்டேன்: கையிலிருக்கும் தேதிக்கு முந்திய தேதி வந்தால், அது தட்டச்சுப் பிழை, ஒதுக்கிவிடு. மேலாளர் கருத்தக்கண்ணன், "அருமை, ரெண்டே வரியில முடிச்சிட்ட" என்று பாராட்டினார்.

அத்தையை வேளைக்குச் சாப்பிடச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆன்மேரி

*

வில்லாபுரம்
28.04.2024

மகாராணி ஆன்மேரிக்கு,

இங்கே அடிக்கிற வெயிலில் முட்டையைக் கூரையில் வைத்தால் குஞ்சு பொரித்து, அதுவும் வெந்துவிடுகிறது. அழகர் ஆற்றில் இறங்கிய அன்று நம் தெருவே காலியாகிவிட்டது.

வழக்கு யானை நடையாகப் போகிறது. யானையை யாரும் அவசரப்படுத்தக் கூடாது. ஆகவே கொஞ்ச நாள் அதைப் பற்றிக் கேட்காதே. தமிழ்வாணிக்கும் போன் போடாதே, பாவம், அவருக்கு வேலை மலைபோல் கிடக்கிறது. உன் ஆப்பை எவன் குறை சொன்னாலும் என்னிடம் அனுப்பு; வைகையில் தண்ணீர் இல்லாவிட்டாலும் மூழ்கடிக்கிறேன்.

அத்தைக்குத்தான் வெயில் ஒத்துக்கொள்ளவில்லை. படுத்தே இருக்கிறாள்.

மாமன்

*

சென்னை
06.05.2024

அன்புள்ள மாமா,

அத்தை படுத்திருப்பது வெயிலால் இல்லை. எனக்குத் தெரிந்துவிட்டது.

கேட்காதே என்று நீங்கள் எழுதியதால்தான் உங்கள் வழக்கு எண்ணைப் போட்டுப் பார்த்தேன். "தள்ளுபடி. மனுதாரர் ஆஜராகவில்லை." என் நிரல் ஒதுக்கி வைத்த தேதிகளைத் திறந்தேன். அங்கே கிடந்தது: ஏப்ரல் 16. இருபத்து மூன்றாம் தேதி உள்ளூர் விடுமுறை ஆனதும், மே மாதம் கோர்ட் மூடுவதற்குள் முடிக்க வேண்டும் என்று நீதிபதி அன்றைய வழக்குகளை ஒரு வாரம் முன்னால் கொண்டுவந்திருக்கிறார். கோர்ட் சரியாகத்தான் பதிவு செய்திருந்தது. நான்தான் அதைப் பிழை என்று எறிந்தேன். அழகர் நாளில் கோர்ட் இருக்காது, புதுத் தேதி ஆப்பில் வரும் என்று நீங்களும் வக்கீலும் முத்திருளனும் காத்திருந்திருக்கிறீர்கள்.

நீங்கள் தடுத்தும் தமிழ்வாணி அக்காவுக்குப் போன் செய்தேன். வழக்கைத் திரும்ப எடுக்க மனு போடுகிறீர்களாம், அன்றைக்குக் காய்ச்சல் என்று காரணம் எழுதியிருக்கிறீர்களாம். "நான் எம்புட்டோ சொன்னேம்மா. பிள்ளை பேரு வெளிய வரக்கூடாதுன்னு அண்ணே ஒத்தக்கால்ல நிக்கிறாரு" என்றார்.

மாமா, அது வேண்டாம். நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்திட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். இதே விதியால் தேதி தவறிய மற்ற வக்கீல்களுக்கும் எழுதிவிட்டேன். "சத்தமில்லாம சரிபண்ணிட்டுப் போயிருப்போமே" என்று கருத்தக்கண்ணன் கோபப்பட்டார். என்னை அந்த வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

மச்சான் பெயருக்கு நான் செய்தது இது. அத்தை முகத்தில் எப்படி விழிப்பேன்? பதில் எழுத மனமில்லை என்றால் எழுத வேண்டாம். அந்தத் தாளை மட்டும் கோர்ட்டில் கொடுத்துவிடுங்கள்.

ஆன்மேரி

*

வில்லாபுரம்
09.08.2024

அன்புள்ள ஆன்மேரிக்கு,

இத்தனை நாள் எழுதாததற்குக் கோபம் காரணமில்லை. எழுத உட்கார்ந்தால் பழைய மாதிரி வார்த்தை வரவில்லை.

உன் தாளை முதலில் பீரோவில் வைத்துப் பூட்டினேன். என் வாய்க்கொழுப்புக்கு நீ ஏன் கோர்ட் ஏற வேண்டும்? அத்தைதான் சாவி கேட்டாள். "செத்த பிள்ளைக்கு நிசத்தக் கேட்டுப் போறோம். கையில பொய்ய வச்சுக்கிட்டா போறது?" என்றாள். காய்ச்சல் மனுவைக் கிழித்தோம்.

ஜூனில் மனு விசாரணைக்கு வந்தது. ஆப்பை நம்பி வராமல் இருந்தது கவனக்குறைவு என்றார் எதிர்த்தரப்பு வக்கீல். நீதிபதி உன் தாளை நிதானமாகப் படித்துவிட்டு, "இந்தப் பொண்ணு யாரு?" என்று என்னைக் கேட்டார்.

"எந்தங்கச்சி மகய்யா."

"தன் வேலைக்கே கேடுன்னு தெரிஞ்சும் எழுதிக் குடுத்திருக்காங்களே?"

"அவ பேரு வர வேணாம்னுதான்யா பாத்தேன். கேக்கல."

நீதிபதி வழக்கைத் திரும்பக் கோப்பில் எடுத்துக்கொண்டார்.

நேற்று முத்திருளன் கூண்டேறினார். "பையன் அவன் ஓரத்துலதான் வந்தான்யா. லாரிதான் இவம் பக்கம் ஏறி வந்துச்சு" என்றார்.

"அம்புட்டுத் தூரத்துல இருந்து உமக்கு எப்படித் தெரியும்?" என்று மடக்கினார் எதிர் வக்கீல்.

"தூரம் எங்கிட்டு இருக்கு? நாந்தான ஓடிப்போயித் தூக்குனேன். தண்ணி கேட்டான். என் தூக்குச்சட்டியில இருந்ததக் குடுத்தேன், குடிச்சான். எங்கம்மாகிட்ட பைய, பதறவிடாமச் சொல்லுங்கண்ணேன்னான். பெறகு பேச்சில்ல."

 நீதிபதி அதை அப்படியே எழுதச் சொன்னார்.

வெளியே வந்து, "ஏன்ணே இத எங்ககிட்டச் சொல்லல?" என்று கேட்டேன். "பையச் சொல்லுன்னு சொன்ன பிள்ளையோட பேச்ச, எப்படிப் பையச் சொல்றதுன்னு எனக்குத் தெரியலண்ணே" என்றார்.

தீர்ப்பு இன்னும் வரவில்லை. வரட்டும்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை பக்கத்தில் உட்கார்ந்து, முத்திருளன் சொன்னதைச் சொன்னேன். அவன் தண்ணீர் குடித்ததைச் சொன்னேன். கடைசியாகச் சொன்னதையும் சொன்னேன். அவள் அழவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பது வருடமாக என் பேச்சைக் கேட்கிறவள் அல்லவா.

"இதுல எம்புட்டுங்க நிசம்?" என்று கேட்டாள்.

"அம்புட்டும்" என்றேன்.

எழுந்து உட்கார்ந்தாள். பிறகுதான் அழுதாள். அழுது முடித்துவிட்டு, "அந்தப் புள்ள ஒத்தையில கெடந்து வருந்தும். ஞாயித்துக்கிழமை வரச் சொல்லுங்க" என்றாள்.

வா.

ராயப்பன்